செவ்வாய், சனி பெண்கள் மட்டும்

நோட்டீஸில் ஏழு விஷயங்கள் இருந்தன. ஆறு வரைக்கும் கமருன்னிசா வாசலில் நின்றபடியே படித்தாள். ஏழாவதைப் படித்ததும் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். முட்டி வலியால் உட்கார்ந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் வந்தால் உட்கார்வதுதான் அவள் வழக்கம். எழுந்து நின்று கத்துகிறவர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம், பத்து நிமிடத்தில் தொண்டை வறண்டு அடங்கிவிடுவார்கள். இவள் உட்கார்ந்தால் ஒரு முடிவு எடுக்காமல் எழுந்திருக்க மாட்டாள். அவள் வீட்டுக்காரர் சாதிக் பாட்சாவுக்கு இது முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். அதனால் டீ கிளாஸும் கையுமாக மெல்ல உள்ளே நழுவப் பார்த்தார்.

"என்னங்க, இங்க வாங்க. இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேனே. கிளப்புக்கு சோலார் போடறாங்களாம். நல்ல சேதிதானே? இனிமே கரண்டு போனாலும் தண்ணி மோட்டார் ஓடும்."

"ஏழாவது?"

"ஏழாவது வரைக்கும் யாரும்மா படிப்பா?"

"அது தெரிஞ்சுதான் அதைக் கொண்டுபோய் ஏழாவதா வச்சிருக்காங்க" என்றாள் கமருன்னிசா. "உக்காந்து படிங்க. சத்தமாப் படிங்க."

யாங்கோனில் இன்சீனைத் தாண்டி வடக்கே இருக்கிறது பிதௌக் கார்டன் கன்ட்ரி கிளப். சுற்றுச்சுவருக்குள் தொண்ணூற்றாறு வீடுகள், நடுவில் கிளப் கட்டடம், டென்னிஸ் கோர்ட், ஒரு நீச்சல்குளம். வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளப் உறுப்பினர்கள். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூடும், நிர்வாகக் குழு கொண்டுவரும் தீர்மானங்களுக்கு உறுப்பினர்கள் கை தூக்குவார்கள், சமோசா தின்பார்கள், கலைந்துபோவார்கள். இந்த வருஷத்துப் பட்டியலில் சோலார் பலகை, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் புதுத் தரை, கேட்டுக்குக் கேமரா என்று எல்லாம் நல்லதாகவே இருந்தன. கடைசியில்தான் அந்த ஏழாவது.

சாதிக் பாட்சா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். குளத்தைச் சுற்றியுள்ள மூங்கில் தட்டிகள் அகற்றப்படும். குளத்தைப் பார்த்தபடி கண்ணாடிச் சுவர் வைத்த காபி ஷாப் வரும். குளம் எல்லா நேரமும் எல்லா உறுப்பினர்களுக்கும் திறந்திருக்கும். தனி நேர ஒதுக்கீடு ரத்து.

படித்து முடித்தவர் மனைவியை நிமிர்ந்து பார்க்காமல் அவளுடைய கைத்தடியைப் பார்த்தார்.

அந்தத் தடியைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். கமருன்னிசாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டன. படுக்கையறையிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கியாக்டடாவில் ஒரு டாக்டர், தண்ணீரில் நட, இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். கத்திக்கு என்ன அவசரம், அது எங்கே ஓடிப்போகிறது என்று அவள் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் அவள் தலையை மறைக்காமல் பால்காரன் முன்னால்கூட நிற்காதவள். ஆண்கள் குதித்துக் கும்மாளமடிக்கும் குளத்தில் எப்படி இறங்குவாள்? நிர்வாகக் குழுவிடம் போய் நின்றாள், ஒரு வருஷம் விடாமல் நச்சரித்தாள், கடைசியில் வாங்கிவிட்டாள். செவ்வாயும் சனியும் காலை ஆறு முதல் எட்டு வரை பெண்கள் மட்டும். காவலாளி வெளி கேட்டுக்குப் போய்விடுவார். மூங்கில் தட்டிகளில் பாய் இறங்கும். கூட்டிப் பெருக்கும் அம்மாள் ஒருத்தி வாசலில் காவல் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவாள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் கமருன்னிசாவைப் பார்க்கவேண்டும். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சல் உடுப்போடு இடுப்பளவுத் தண்ணீரில் விறுவிறுவென்று நாற்பது சுற்று நடப்பாள். தடி கரையில் கிடக்கும். முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் வலி. அந்த நாலு மணி நேரம் மட்டும் வலி இல்லை. அதைத்தான் ஏழாவதாகப் போட்டு ரத்து செய்யப் பார்க்கிறார்கள்.

"பொதுக்குழு எப்ப?" என்று கேட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கழிச்சு அடுத்த ஞாயிறு."

"பதினோரு நாள் இருக்கு. போதும்" என்று எழுந்தாள்.

கிளப் விதிப்படி கூட்டத்துக்கு வரமுடியாத உறுப்பினர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தால், அவருடைய ஓட்டை வேறு ஒருவர் போடலாம். கமருன்னிசா அதைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது வீட்டு ஜஸீலாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, தடியை ஊன்றி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஏப்ரல் மாத வெயில், கேட்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க பாங்காக் கிளம்புகிறவர்கள், நோயாளியோடு ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் என்று ஒருவரை விடவில்லை. பரீதா வீட்டில் மொஹிங்கா மீன் நூடுல்ஸ் சாப்பிட்டாள், சஜிதா வீட்டில் சர்பத் குடித்தாள், அமீர் அலி வீட்டில் அவருடைய சர்க்கரை வியாதிக் கதையை ஒன்றேகால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள். எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

"மாமி, போதும் மாமி, என் காலே விட்டுப்போச்சு" என்றாள் ஜஸீலா. அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான்.

"உன் காலு நல்லா இருக்கறப்பவே நட. இன்னும் ஆறு வீடு பாக்கி."

முப்பத்தொரு கடிதம் சேர்ந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அதையெல்லாம் மேசையில் அடுக்கித் தட்டி நேராக்கியபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து சாதிக் பாட்சாவுக்கே பொறாமையாக இருந்தது.

"நம்ம கடைக்கு ஒரு வாரத்துல இத்தனை பேரு வரல" என்றார்.

"நீங்க வீட்டுக்கு வீடு போய்க் கேட்டீங்களா?"

அவள் செய்த தப்பு அந்த மேசையிலேயே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. யாங்கோன் தமிழர்களுக்கு மட்டும்தான் இந்தத் தப்பு வரும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளப் கூடம் நிறைந்துவிட்டது. கரண்டு இல்லை, ஜெனரேட்டர் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தார்கள். வந்தவர்களில் பெண்கள் நாலே பேர், அதில் ஒருத்தி கமருன்னிசா. மேடையில் தலைவர் முரளிதரன். முப்பது வருஷம் போட்டாதாங் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்டாக இருந்தவர். ஒரு தாளில் முத்திரை கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தாலும் சரக்கை இறக்கவிடாமல் நிறுத்திவைத்த ஆள். கெட்டவர் என்று யாரும் சொல்லமுடியாது. கிளப்பில் ஒரு பல்பு எரியாவிட்டாலும் அவருக்குத் தூக்கம் வராது. கண்ணாடி காபி ஷாப் வந்தால் நாலு பேர் கூடுவார்கள், குழந்தைகள் எந்த நேரமும் நீந்தும், கிளப் களைகட்டும் என்று அவர் மனதார நம்பினார்.

கூட்டம் பர்மிய மொழியில்தான் நடக்கும். கமருன்னிசாவும் முரளிதரனும் கோபம் வந்தால் மட்டும் தமிழுக்குத் தாவிவிடுவார்கள்.

கமருன்னிசா முப்பத்தொரு கடிதத்தையும் மேடையில் வைத்தாள். கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. இத்தனை கடிதத்தை ஒரே ஆள் கொண்டுவந்து அந்தக் கிளப்பில் யாரும் பார்த்ததில்லை. முரளிதரன் முதல் கடிதத்தை எடுத்தார், மூக்குக் கண்ணாடியை இறக்கினார், இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். பிறகு மேனேஜர் ரமேஷ்குமாரைக் கூப்பிட்டு உறுப்பினர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"பதினெட்டாம் நம்பர் வீடு. கடிதத்துல பரீதான்னு இருக்கு. பதிவேட்டுல என்ன இருக்கு?"

ரமேஷ்குமார் விரலை ஓட்டினார். "டோ தான் தான் ஸ்வே."

"இருபத்திரண்டு. கடிதத்துல அமீர் அலி."

"ஊ மியோ நியுண்ட்."

தப்பு எங்கே என்று கமருன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. விஷயம் இதுதான். அங்கே நம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் பத்திரத்திலும் ஒரு பர்மியப் பெயர், வீட்டிலும் தெருவிலும் இன்னொரு பெயர். பத்திரப் பெயரை பாங்கில் கூப்பிட்டால் உண்டு, மற்றபடி யாருக்கும் ஞாபகம் இருக்காது. கமருன்னிசாவே பதிவேட்டில் டோ கின் கின் ஏ. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பேரும் நம் ஆட்கள், வாய்க்குப் பழகிய பெயரையே போட்டுவிட்டார்கள். வாங்கியவளுக்கும் வேறு பெயர் தோன்றவில்லை.

"பேரு ஒத்துப்போகல. முப்பத்தொண்ணும் செல்லாது" என்றார் முரளிதரன்.

"அண்ணே!" என்று தமிழில் பாய்ந்தாள் கமருன்னிசா. "பரீதாவை உங்களுக்குத் தெரியாதா? அவ மகள் கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்து பிரியாணி சாப்பிட்டீங்களே, அப்ப டோ தான் தான் ஸ்வேன்னா பத்திரிகை அடிச்சிருந்தாங்க?"

"எனக்குத் தெரியும் தங்கச்சி. பதிவேட்டுக்குத் தெரியாதே. பதிவேட்டுல இருக்கற ஆளு வரணும், இல்லேன்னா அந்தப் பேருல கையெழுத்துப் போட்ட கடிதம், கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி வரணும். உனக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதின்னு நான் நடத்த முடியுமா? விதி விதிதான்."

அவர் சொன்னது சரி. அதுதான் அவளைக் குத்தியது. பதினோரு நாள் வெயிலில் தடியூன்றி நடந்தது, படி ஏறி இறங்கியது, அமீர் அலியின் சர்க்கரை வியாதி, அத்தனையும் தன்னுடைய கவனக்குறைவால் போய்விட்டது. கண் கலங்கியது. இத்தனை ஆண்களுக்கு முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். அதைவிட, அடுத்த செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தத் தண்ணீர் தனக்கு இல்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தன. மேடை ஓரத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்ததும் பின்வரிசையில் இருந்த சாதிக் பாட்சா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ரமேஷ்குமார் விரித்துவைத்திருந்த பதிவேடு அவள் மூக்குக்கு நேரே இருந்தது. முதல் பக்கம். வீட்டு எண், பெயர், வீட்டு எண், பெயர். பர்மாவில் ஆண் பெயருக்கு முன்னால் 'ஊ' போடுவார்கள், பெண் பெயருக்கு முன்னால் 'டோ'. கமருன்னிசா மேலிருந்து கீழே பார்த்தாள். டோ. டோ. ஊ. டோ. டோ. டோ. ஊ. டோ. பக்கத்தைத் தானே புரட்டினாள். அங்கேயும் டோ, டோ, டோ.

அடேயப்பா! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்தினாள்.

வியாபாரக் குடும்பங்களில் இது எல்லோரும் செய்வதுதான். கப்பல், மரம், அரிசி, ஜவுளி எதுவானாலும் தொழிலில் நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லமுடியாது. ஒரு சிக்கல் வந்தால் வீடாவது தப்பிக்கட்டும் என்று பத்திரத்தை வீட்டுக்காரி பெயரில் எழுதிவிடுவார்கள். எழுதிய கையோடு மறந்தும் போவார்கள். கூட்டத்துக்கு மட்டும் வேட்டி, லோஞ்ஜி, பேண்ட் எல்லாம் தானாகக் கிளம்பி வந்து உட்காரும், தானாகக் கை தூக்கும். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட நீ யார் என்று கேட்டதில்லை.

"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றாள். இப்போது பர்மிய மொழியில், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "பதிவேட்டுல இருக்கற ஆளுதான் கை தூக்கணும். விதி விதிதான். அப்படித்தானே சொன்னீங்க?"

"அப்படித்தான்."

"ரமேஷ் தம்பி, ஒண்ணாம் நம்பர் வீட்டைக் கொஞ்சம் படிங்க."

ஒன்றாம் நம்பர் முரளிதரன் வீடு. ரமேஷ்குமார் பதிவேட்டைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"சத்தமா, தம்பி."

"டோ மே ஸின் ஓ" என்றார் ரமேஷ்குமார், தொண்டைக்குள்ளேயே.

"அது யாரு அண்ணே? புஷ்பாக்காதானே?"

கூடத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நாலு வரிசை தாண்டுவதற்குள் நின்றுவிட்டது, ஏனென்றால் சிரித்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுப் பத்திரம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார்.

"மத்த நம்பரையும் படிங்க" என்றாள் கமருன்னிசா.

படிக்கப் படிக்க ஆட்கள் கழன்றுகொண்டே போனார்கள். அரிசி மில் முதலாளி கழன்றார், பல் டாக்டர் கழன்றார், நிர்வாகக் குழுவிலேயே ஐந்து பேரில் மூன்று பேர் கழன்றார்கள். சாதிக் பாட்சாவும் கழன்றார். "அப்ப நான் கடைக்குப் போகலாமா?" என்று அவர் பின்னாலிருந்து கேட்க, "உக்காருங்க, சமோசா வரும்" என்று இவள் முன்னாலிருந்து சொன்னாள். கடைசியில் கணக்கெடுத்தால் ஐம்பத்தெட்டு வீட்டிலிருந்து வந்தவர்களில் சொந்தப் பெயரில் வீடு வைத்திருந்தவர்கள், நாலு பெண்களையும் சேர்த்து, இருபத்தொரு பேர்.

கூட்டம் செல்லுபடியாக நாற்பத்தெட்டு வீடாவது வேண்டும். இருபத்தொன்றை வைத்துக்கொண்டு ஒரு பல்பைக்கூட மாற்றமுடியாது.

"அப்ப சோலார்?" என்று யாரோ கத்தினார்கள். "இன்னிக்கு விட்டா மறுபடி கூட்டறதுக்குள்ள மழைக்காலம் வந்துடும்!" கூடமே கொந்தளித்தது. போன வாரம் முழுக்க ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் கரண்டு. அந்த வெயிலில் சோலாரை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அரிசி மில்காரர் எழுந்து, "விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கலாமே தலைவரே, எல்லாம் நம்ம ஆளுங்கதானே" என்றார்.

முரளிதரன் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கமருன்னிசாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தளர்த்தினால் அவளுடைய முப்பத்தொரு கடிதமும் உள்ளே வரும். தளர்த்தாவிட்டால் இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு வாய் கிடையாது. மனுஷர் என்ன செய்யப்போகிறார்?

"கால் மணி நேரத்துக்கு முன்னாடி முப்பத்தொரு பேருக்கு இல்லேன்னு சொன்னேன்" என்றார் முரளிதரன் கடைசியில். "இப்ப எனக்குன்னதும் உண்டுன்னு சொன்னா நான் என்ன தலைவன்? தளர்த்த முடியாது. ஒரு மணி நேரம் கூட்டத்தை ஒத்திவைக்கிறேன். எல்லாரும் வீட்டுக்கு போன் போடுங்க. உறுப்பினர்களை வரச் சொல்லுங்க."

கமருன்னிசாவுக்கு அந்த நிமிடம் அவர் மேல் மதிப்பு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஆள் நேர்மையானவர்தான்.

அந்த ஒரு மணி நேரத்தை பிதௌக் கார்டனில் யாரும் மறக்கமாட்டார்கள். கூடம் முழுக்கப் போன். "ஆமா, நீதான் வரணும்... நான் இல்ல, நீ... அடுப்பை அணைச்சுட்டு வா... என்னத்துக்கா? வா, சொல்றேன்..." பிறகு அவர்கள் வந்தார்கள். தனக்கா மரப்பட்டைக் குழம்பு பூசிய முகத்தோடு வந்தார்கள், ஈரத் தலையில் துண்டோடு வந்தார்கள், ஒருத்தி கையில் கரண்டியோடேயே வந்துவிட்டாள். பர்மியப் பெண்கள், சீனப் பெண்கள், தமிழ்ப் பெண்கள். தன் பெயரில் ஒரு வீடு இருப்பது பாதிப் பேருக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார நாற்காலி போதவில்லை. புருஷன்மார் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். முப்பத்தேழு பேர் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வந்தவள் புஷ்பா. முரளிதரன் சம்சாரம், அறுபது தாண்டியவள், அதிர்ந்து பேசாதவள். அந்தக் கூடத்துக்குள் அவள் கால் வைத்ததே அதுதான் முதல் தடவை.

முதல் ஆறு தீர்மானங்களும் மளமளவென்று நிறைவேறின. சோலாருக்குக் கை தட்டினார்கள். ஏழாவது வந்தது.

முரளிதரன் நியாயமாகத்தான் பேசினார். குளம் எல்லோருக்கும் பொது, ஒன்பது பேர் வருகிற நேரத்துக்காகத் தொண்ணூற்றாறு வீட்டுக் குளத்தைப் பூட்டிவைப்பது சரியா என்று கேட்டார். கமருன்னிசா தடியை ஊன்றி எழுந்தாள். நேற்று ராத்திரி எழுதி வைத்திருந்த பேச்சு கைப்பையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"என்னைப் பாருங்க" என்றாள். "இந்த மேடைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவுல நான் ரெண்டு தடவை நிக்கணும். குளத்துல நாப்பது சுத்து நிக்காம நடக்கறேன். வாரத்துல எனக்கு வலிக்காத நேரம் அது ஒண்ணுதான். கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து நாலு பேரு காபி குடிச்சா நான் இறங்க மாட்டேன். கூச்சம்னு சொல்லுங்க, மார்க்கம்னு சொல்லுங்க, எனக்கு ரெண்டும்தான். ஒன்பது பேருன்னு தலைவர் சொன்னாரு. ஒன்பது பேருதான் வர்றாங்க, மத்தவங்க ஏன் வரலேன்னு யாராவது கேட்டீங்களா? அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

பிறகு பின்வரிசையில் புஷ்பா எழுந்தாள். எழுந்ததும் பயந்துபோய் மறுபடி உட்காரப் பார்த்தாள், பக்கத்திலிருந்த ஜஸீலா முழங்கையைப் பிடித்துத் தாங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டு மாடியில இருந்து குளம் தெரியும்" என்றாள் புஷ்பா, பர்மிய மொழியில், மெதுவாக. "நாலு வருஷமாப் பாக்கறேன். செவ்வாயும் சனியும் பாய் இறக்கிடுவாங்க, ஒண்ணும் தெரியாது. சிரிக்கிற சத்தம் மட்டும் கேக்கும். போலாமா போலாமான்னு இருக்கும். யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல." அவள் புருஷனைப் பார்த்தாள். "எனக்கு ஓட்டு இருக்குன்னு இன்னிக்குத்தான் சொன்னீங்க."

முரளிதரன் ரமேஷ்குமாரைப் பார்த்து, வாசிக்கச் சொல்லித் தலையசைத்தார்.

"ஏழாவது தீர்மானம். ஆதரிக்கிறவர்கள்" என்று ரமேஷ்குமார் வாசித்தார். பதிமூன்று கை. "எதிர்க்கிறவர்கள்." கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. கரண்டியும் எழுந்தது. தலைவர்தான் எண்ணவேண்டும் என்பது விதி. முரளிதரன் வரிசை வரிசையாக விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போனார். பின்வரிசையில் புஷ்பாவின் கை வந்தபோது விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எண்ணினார்.

"நாற்பத்தைந்து. தீர்மானம் தோற்றது. செவ்வாயும் சனியும் முன்போலவே" என்றார்.

கமருன்னிசாவின் கண்ணில் அதுவரை அடக்கிவைத்திருந்தது பொலபொலவென்று கொட்டிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. சாதிக் பாட்சா சுவரோரத்திலிருந்து பெரிதாகச் சிரித்தார், ஒரு சமோசாவை வாயில் போட்டுக்கொண்டார்.

நடவடிக்கைக் குறிப்பில் எதிர்த்துப் பேசியவர் பெயரை எழுதப் பேனாவை எடுத்த முரளிதரன், அவளைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "உன்னை எந்தப் பேருல போடட்டும் தங்கச்சி?"

"பத்திரப் பேருலயே போடுங்க அண்ணே. நாளைக்கு எவனும் செல்லாதுன்னு சொல்லிடக்கூடாது."

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கமருன்னிசா குளத்து வாசலுக்குப் போனபோது செருப்பு விட இடமில்லை. காவல் அம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எண்ணிட்டேன், இருபத்தாறு ஜோடி" என்றாள். உள்ளே ஒரே இரைச்சல். ஆழம் குறைந்த பக்கம் ஜஸீலா நாலு பேருக்குக் கால் உதைக்கச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். நாலு பேரும் அவள் முகத்திலேயே தண்ணீரை உதைத்தார்கள்.

புஷ்பா மட்டும் படியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். மார்பு வரை ஏற்றிக் கட்டிய தமேன் கைலி, பாதம் மட்டும் தண்ணீரில்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க புஷ்பாக்கா?"

"அரை மணி நேரம் ஆச்சு. பயமா இருக்கு கமரு. கால் வழுக்கிட்டா?"

கமருன்னிசா தடியைக் கரையில் கிடத்தினாள். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். இடுப்புக்குத் தண்ணீர் வந்ததும், எப்போதும்போல, வலி நின்றது. திரும்பிக் கையை நீட்டினாள்.

ஐந்து வருஷமாக அவள்தான் யாரையாவது பிடித்து நடந்திருக்கிறாள். புருஷன் தோளை, ஜஸீலா கையை, சுவரை, தடியை. அவளைப் பிடித்து நடக்க ஒருத்தரும் கை நீட்டியதில்லை.

"புடிச்சுக்குங்க. நல்லா அழுத்திப் புடிங்க, இங்க நான் விழமாட்டேன்."

புஷ்பா இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டு, முழு பாரத்தையும் அவள்மேல் போட்டு, தண்ணீருக்குள் இறங்கினாள். கமருன்னிசா அசையாமல் நின்று தாங்கினாள். பிறகு இரண்டு பேரும் முதல் சுற்று நடந்தார்கள்.